பசலைக்கு இரும்புச்சத்து மாத்திரையா?

பசலை என்றால் ரத்தசோகை. இந்தப் பாடம் இப்போது தமிழ் மேடைகளில் நன்றாக வேரூன்றிவிட்டது. ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. சமூக மன்றத்திலோ நூலக அரங்கிலோ யாராவது ஒருவர் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்: ரத்தம் குறைந்தால் மேனி மஞ்சளிக்கும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தவன் தமிழன், நாம்தான் அதைக் காதல் என்று நினைத்து ஏமாந்தோம். கைப்பேசியிலும் இதே செய்தி சுற்றுகிறது, வாலில் கீரைப் படத்தோடு. பசலைக்குப் பசலைக்கீரை, பார்த்தீர்களா, பெயரிலேயே மருந்து!

கீரை விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். கீரைக்கு அந்தப் பெயர் அதன் பசுமையால் வந்தது. பச்சை, பாசி, பசும்புல், பசும்பொன் என்று பச்சையில் தொடங்கி மஞ்சள்வரை நீளும் பெரிய சொற்குடும்பம் அது. மேனிப் பசலையும் கொடிப் பசலையும் அந்தக் குடும்பத்தில் பங்காளிகள். நோயாளியும் வைத்தியருமாக அவர்களை உட்காரவைத்தது நாம். போதாக்குறைக்கு, கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதும் இல்லை. ஒரே செய்தியில் இலக்கியத்தையும் கெடுத்து, கைவைத்தியத்தையும் கெடுத்தாயிற்று.

மீதியை அப்படித் தள்ளிவிட முடியாது. இதை நம்புகிறவர்களில் தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், தமிழின் மேல் உண்மையான பற்றுள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதம், அதன் முழுப் பலத்தோடு, இதுதான். பிரிந்திருக்கும் தலைவிக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்குவதில்லை, தோள் மெலிகிறது, வளை கழன்று விழுகிறது, நெற்றியின் ஒளி மங்குகிறது, மேனி மஞ்சளிக்கிறது. இந்தப் பட்டியலை எந்த மருத்துவரிடம் நீட்டினாலும் முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்கத்தான் சொல்வார். ஐரோப்பாவிலும் இது நடந்திருக்கிறது. இளம்பெண்களின் மேனி பச்சையும் மஞ்சளுமாக வெளிறும் நோயைப் பற்றி 1554இல் யோகன்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதினார். கன்னியர் நோய் என்று பெயர் வைத்தார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றார். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இரும்பைக் கொடுத்தார், பலன் தெரிந்தது. காதல் நோய் என்று அவர்கள் நினைத்ததில் பெரும்பகுதி இரும்புக் குறைபாடாக முடிந்தது. அங்கே அப்படியென்றால் இங்கே ஏன் இருக்கக் கூடாது? கவிதை வானத்திலிருந்து விழுவதில்லை. புலவர்கள் கண்முன் நடமாடிய பெண்களில் பலருக்குச் சோகை இருந்திருக்கும். அதைச் சொல்வது பாட்டுக்கு இழுக்கு ஆகாது, புலவரின் கண்ணுக்கு மரியாதை.

நல்ல வாதம்தான். சோகை பிடித்த பெண்களைப் புலவர்கள் பார்த்திருப்பார்கள் என்பதுவரை நானும் கூட வருகிறேன். பார்த்ததை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது.

1. தொட்டால் மறைகிற சோகை எந்த ஊரில் இருக்கிறது?

குறுந்தொகை 399, பரணர் பாட்டு. ஊரார் தண்ணீர் எடுக்கும் கேணித்துறையில் பாசி மூடிக் கிடக்கிறது. கை படுகிற இடத்தில் விலகுகிறது, கையை எடுத்தால் திரும்பவும் மூடிக்கொள்கிறது. என் பசலையும் அப்படித்தான் என்கிறாள் தலைவி. அவன் தொடும் இடமெல்லாம் நீங்கும். விடும் இடமெல்லாம் பரவும். வள்ளுவர் கால அளவை இன்னும் குறுக்கிவிடுகிறார். 1187ஆம் குறளில் தழுவிக் கிடந்தவள் கொஞ்சம் புரண்டு நகர்கிறாள். அவ்வளவுதான், அந்த இடைவெளிக்குள் பசப்பு (பசலையின் இன்னொரு பெயர்) வந்து அள்ளிக்கொள்கிறது. அதற்கு முந்திய குறளிலோ, விளக்கு எப்போது அணையும் என்று இருட்டு காத்திருப்பதுபோல, அவன் தழுவல் எப்போது தளரும் என்று பசப்பு பக்கத்திலேயே காத்திருக்கிறது.

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். இரும்பு மாத்திரையை இன்று தொடங்கினால் முகத்தில் களை திரும்ப வாரங்கள் பிடிக்கும். படுக்கையில் ஒரு சாண் நகர்ந்ததற்குள் ஹீமோகுளோபின் ஏறி இறங்காது.

நான் குடியிருக்கும் பாசிர் ரிஸ்ஸில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு இன்னொன்றும் தெரியும். மஞ்சள் காமாலையோடு இருக்கும் குழந்தையைப் பலதுறை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், தாதி அதன் நெற்றியையோ மூக்கு நுனியையோ விரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்திய இடத்தில் ரத்தம் ஒதுங்கும். அடியில் ஒளிந்திருக்கும் மஞ்சள் ஒரு நொடி தெரியும். விரலை எடுத்தால் ரத்தம் வந்து மூடிவிடும். கருத்த தோலில் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதால் குதிகாலில் குத்திச் சொட்டு ரத்தமும் எடுப்பார்கள். சிங்கப்பூர் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்ட ஊர் இல்லை. காமாலை முற்றி மூளையைத் தாக்கக் காரணமாகும் ஜி6பிடி குறைபாட்டைப் பிறந்த குழந்தைகளிடம் 1965 முதலே சோதித்து வருகிறது. ஆக, உடம்பில் உண்மையாக ஏறிய மஞ்சள் தொட்டால் தெரியும், விட்டால் மறையும். பரணரின் பசலை தொட்டால் மறையும், விட்டால் தெரியும். நேர் தலைகீழ். இவ்வளவு கச்சிதமாகத் தலைகீழாக இருக்கும் ஒன்றை ‘கூர்ந்த மருத்துவக் கவனிப்பு’ என்று எப்படிச் சொல்வது?

சோகையை மருத்துவர்கள் எங்கே தேடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். கீழிமையை இழுத்து உட்புறம் பார்க்கிறார்கள். நாக்கு, உள்ளங்கை, நகக்கண் பார்க்கிறார்கள். பசலையோ நெற்றியில் பாய்கிறது, தோளில் படர்கிறது, மேனி முழுக்க ஊர்கிறது. காதலியின் கீழிமையை இழுத்துப் பார்த்த தலைவனை எந்த அகப்பாட்டிலும் நான் சந்தித்ததில்லை.

2. நோய் என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்து அந்தப் பாட்டுகளே சிரித்திருக்கின்றன.

இதை நம் பேச்சாளர்கள் எப்படிக் கவனிக்காமல் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. குறிஞ்சித் திணைப் பாட்டுகளில் இதற்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. மகளின் மேனி மாறுவதைத் தாய் பார்க்கிறாள். முருகன் அணங்கியதால் வந்தது என்று நம்புகிறாள். முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறார்கள், களம் அமைக்கிறார்கள், ஆட்டுக்குட்டியை அறுக்கிறார்கள், வெறியாட்டு நடக்கிறது. தாய் கெட்டவள் இல்லை. பதறுகிறாள், தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்கிறாள்.

தோழி என்ன செய்கிறாள்? நற்றிணை 34இல், பிரமசாரி பாடிய பாட்டில், அவள் நேராக முருகனிடமே பேசுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே. நீ தெய்வமாகவே இருந்துவிட்டுப் போ, ஆனால் விவரம் இல்லாதவன். குறுந்தொகை 362இல் வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனின் தோழி வேலனையே மடக்குகிறாள். பலநிறச் சோற்றோடு குட்டியை அறுத்து இவள் நெற்றியைத் தடவிப் பலி கொடுக்கிறாயே, நல்லது. இவளை வாட்டியவன் அந்த மலைநாடன், அவன் மார்பில் கிடக்கும் மாலையும் இந்தப் பலியை உண்ணுமா?

இதற்குமேல் தெளிவாக ஒரு இலக்கியம் தன்னை எப்படி விளக்கிக்கொள்ளும்? மேனி நிறம் மாறியதை வைத்து உடல்நோய் என்று முடிவு செய்கிறவர் பாட்டுக்குள்ளேயே ஒரு பாத்திரமாக இருக்கிறார், அவர் தவறு செய்கிறவராகவும் காட்டப்படுகிறார். அன்று கழங்கு, இன்று ரத்தப் பரிசோதனைத் தாள். கையில் இருக்கும் கருவி மாறியிருக்கிறது. உடம்பையே பார்த்துக்கொண்டு அதை அப்படி ஆக்கியவனைப் பார்க்காமல் விடும் பழக்கம் மாறவில்லை.

லாங்கே காட்டிய ஐரோப்பியப் பெண்ணை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் வேறுபாடு புரியும். அங்கே மருத்துவர் பேசுகிறார், பெண் படுத்திருக்கிறாள். அவர் அவளைப் பற்றி எழுதுகிறார், அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார். குறுந்தொகையில் பேசுகிறவள் அவளே, அல்லது அவள் தரப்பில் வாயாடும் தோழி. இரண்டும் ஒரே நோயின் இரு பதிவுகள் என்பது, பேசுகிறவர் யார் என்பதைக் கழித்துவிட்டுச் செய்த கணக்கு.

3. ‘வெளிறிய நிறம்’ என்ற குறிப்புரையை யார் எழுதிக்கொடுத்தது?

மாணவர் கைக்குப் போகும் குறிப்புகள் பலவற்றில் பசலைக்கு எதிரே இப்படித்தான் இருக்கிறது. வெளுத்த தோலுடைய பெண் ரத்தம் குறைந்தால் வெளிறுவாள், சரி. குறுந்தொகைப் பெண் இழப்பது மாமையை. மாந்தளிரின் நிறம், கருமையும் செம்மையும் கலந்த மினுமினுப்பு. ஐங்குறுநூற்றின் 35ஆம் பாட்டில் ஓரம்போகியாரின் தலைவி அதை எதனோடு ஒப்பிடுகிறாள்? குளத்து ஆம்பல் தண்டின் நாரை உரித்தால் உள்ளே தெரியுமே அந்த மென்மையான தண்டு, அதன் நிறத்தையும் மிஞ்சிப் பளபளத்த என் மாமை இப்போது பசந்துவிட்டது என்கிறாள். வெள்ளிவீதியார் குறுந்தொகை 27இல் இதே இழப்பைப் பாடியிருக்கிறார். கன்றும் குடிக்காமல், கறவைக் கலத்திலும் விழாமல் மண்ணில் வழிந்துபோகும் நல்ல பசுவின் பாலைப்போல, எனக்கும் உதவாமல் அவனுக்கும் உதவாமல் என் மாமையழகைப் பசலை தின்னப் பார்க்கிறது.

திங்கிற நிறம் மஞ்சள். தின்னப்படுகிற அழகு கருமை சார்ந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரின் தேக்கா பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். அழகுப் பொருள் கடைகளின் அலமாரிகளில், கருமையை விரட்டி மேனியைப் பொன்னாக்குவதாகச் சொல்லும் சாந்தும் பொடியும் களிம்பும் அடுக்கியிருக்கும். 1975இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரை மட்டும் ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. மாமை போய்ப் பொன்னிறம் வருவது அவளுக்கு நோய், நமக்கு விளம்பரம்.

உடனே யாராவது ‘சங்கத் தமிழனுக்கு நிற மோகமே இல்லை’ என்று கிளம்பிவிட வேண்டாம். அதுவும் மேடைப் பேச்சுதான். மார்பில் வேங்கைத் தாதுபோல் பொன்னிறச் சுணங்கு படர்வதை அதே பாட்டுகள் அழகு என்று கொண்டாடுகின்றன. பொன்னைப் போன்றது என்று பசலையையே சொல்லும் இடமும் உண்டு. நிறம் ஒன்றாகவே இருந்தாலும் ஓரிடத்தில் அழகு, ஓரிடத்தில் துயரம். அப்படியானால் அந்தச் சொல்லின் பொருள் நிறத்தில் மட்டும் இல்லை என்றாகிறது. எங்கே இருக்கிறது?

4. மஞ்சள் என்று சொல்கிறவர் யார்?

பாசிர் ரிஸ் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் எங்கள் தாழ்வாரத்திலேயே இந்த ஒரே நிறத்துக்கு மூன்று மொழிகள் இருக்கின்றன. டுரியான் பருவத்தில் ஈரச்சந்தையில் லங்சாட் பழம் கொத்துக் கொத்தாக வந்து இறங்கும். மெல்லிய வெளிர்மஞ்சள் தோல், ஆங்காங்கே பழுப்புத் திட்டு. கொஞ்சம் முன்னதாகப் பறித்துவிட்டால் உரிக்கும்போது விரலில் பிசுபிசுவென்று பால் ஒட்டும். கொட்டையைக் கடித்தால் கசப்பு. பக்கத்து வீட்டு மலாய் அம்மா (மக்சிக்) ஒரு கொத்தைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டே, மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னார்: குலிட் குனிங் லங்சாட். லங்சாட் மஞ்சள் மேனி. மலாய்க்காரர் பேச்சில் அது உயர்ந்த பாராட்டு. (திட்டும் பாலும் கசப்பும் உவமையில் சேர்த்தி இல்லை.) கறுப்புக்கும் அவர்களிடம் அன்பான சொல் உண்டு, ஹித்தாம் மானிஸ், இனிப்புக் கறுப்பு. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டில் முதலில் வாயில் வருவது லங்சாட்தான்.

அதே தாழ்வாரத்தின் மறுகோடியில் மாண்டரின் பேசும் வீடு. மாண்டரினில் ஹுவாங் லியென் போ என்றொரு சொல் இருக்கிறது. மஞ்சள் முகக் கிழவி என்று பொருள். வீட்டு வேலையிலும் பிள்ளை வளர்ப்பிலும் களைத்துப்போன மனைவியை ஏளனமாகக் குறிக்கும் சொல். கணவன் சொன்னால் வசை. பெண்கள் தம்மைத்தாமே சொல்லிக்கொண்டால் கசந்த சிரிப்பு.

இந்தத் தீவைத் தாண்டினால் இன்னும் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1735இல் ஆசிய மனிதனைப் பழுப்பு என்று எழுதினார். 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை அடித்துவிட்டு ‘லூரிடஸ்’ என்று போட்டார். லத்தீனில் அது நோயாளித்தனமான வெளிறிய மஞ்சள். ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு ஒரு கண்டத்துக்கே பசலை கட்டிவிட்டார் மனிதர்.

பெண் பார்க்கப் போனவர், அலுத்துப்போன கணவன், வகைபிரிக்கும் அறிஞர். மூவரும் மஞ்சள் என்றார்கள். மூவரும் அடுத்தவர் மேனியைப் பார்த்துச் சொன்னார்கள். பாராட்டோ வசையோ வகைப்பாடோ, சொல்லும் உரிமை பார்க்கிறவர் கையில் இருந்தது. பசலை இங்கேதான் தனித்து நிற்கிறது. தன் மேனியைப் பற்றித் தலைவி தானே எடுத்துச் சொல்லும் சொல் அது. சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற முகவரியும் இருக்கிறது. குறுந்தொகை 98இல் கோக்குளமுற்றனாரின் தலைவி கேட்பதைப் பாருங்கள். மழைக்காலத்துப் பீர்க்கம்பூ சிலவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய், அவள் இப்படி ஆகிவிட்டாள் என்று சொல்ல யாராவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிறாள். பூ எதற்கு? அவள் நெற்றி இப்போது என்ன மஞ்சள் என்று அவன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்பதற்கு. மருந்து வாங்கி வா என்று அவள் ஆள் தேடவில்லை. சான்றோடு போய் அவன்மேல் புகார் சொல்ல ஆள் தேடுகிறாள்.

பிற்காலத்தில் இந்தச் சொல்லுக்கு நடந்த கொடுமை தனிக் கதை. இன்று பசப்பு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பசப்பு வார்த்தை, பசப்புக்காரி. பெண் புகார் சொன்ன எழுத்துகளை வைத்தே பெண்ணை ஏமாற்றுக்காரி என்கிறோம்.

5. ஆணுக்கு ஏன் பசலை வரவில்லை?

பாலை வழியில் பட்டினியோடும் தாகத்தோடும் போகிறவன் தலைவன். தூங்காமல் அலைகிறவனும் அவன்தான். ஆசைப்பட்டவளைக் கேட்டு, பனங்கருக்கில் செய்த மடல்குதிரை ஏறி, சாகத் துணிகிறவனும் அவனே. அகப்பாட்டு அவனுக்கு ஒருநாளும் பசலை கொடுக்கவில்லை. சோகை பெண்களிடம்தான் அதிகம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதிகம்தான், ஆனால் பெண்களிடம் மட்டுமே என்பது எந்த மருத்துவத்திலும் கிடையாது. பசலை பெண்ணுக்கு மட்டும் என்றால், விட்டுப் போவதும் இருந்து காத்திருப்பதும் யார் யாருக்குப் பங்கிடப்பட்டது என்பதில்தான் விடை இருக்கிறது.

6. எல்லாவற்றையும்விட, வள்ளுவர் இந்த வாதத்தைக் கேட்டுவிட்டு அப்போதே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

திருக்குறளின் 119ஆம் அதிகாரம், பசப்புறு பருவரல். 1181 முதல் 1190 வரை பத்துக் குறளும் அவளே பேசுவது. 1183இல் ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்குப் படிக்கிறாள்: என் அழகையும் நாணத்தையும் அவர் எடுத்துக்கொண்டார், பதிலுக்கு நோயையும் பசலையையும் கொடுத்தார். 1182இல் பசப்புக்கே கர்வம் வந்துவிடுகிறது. என்னைக் கொடுத்தவர் அவர் என்ற பெருமையோடு அது அவள் மேனியில் ஏறி ஊர்கிறது. பிறகு 1188. இவள் பசந்துவிட்டாள் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இவளை அவர் விட்டுப் போனார் என்று சொல்வார் ஒருவரும் இல்லை.

மேடையில் ஹீமோகுளோபின் பேசுகிறவர் இந்தக் குறளை ஒரு முறை நிதானமாகப் படிக்கலாம். அதில் வரும் ஊரார் அவர்தான். பசந்தாள், பசந்தாள் என்று நிறத்தைப் பற்றி மட்டும் பேசும் கூட்டம். அவள் குற்றச்சாட்டே அவர்கள்மேல்தான்.

நம் பாடக்குறிப்புகளும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். ‘பிரிவால் தலைவி மேனியில் தோன்றும் நிற மாற்றம்’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறோம். பிரிவால்! மழையால் சாலை நனைந்தது என்பதுபோல. பிரிந்தது யார்? அந்த ஒரு உருபுக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ள முழு இடம் இருக்கிறது.

இதே அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துக்கொண்டு என்னை மடக்க வருவீர்கள், தெரியும். என்னை இணங்கவைத்துவிட்டுப் போனவர் அருள் செய்யவில்லை என்று ஊர் அவரைத் தூற்றாது என்றால், பசந்தவள் என்று நான் பேர் வாங்குவது நல்லதுதான் என்கிறாள் 1190இல். பழி அவனுக்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளே, புகார் எங்கே என்று கேட்கலாம். வாசலில் நின்றுகொண்டு, இவர் எனக்கு ஒன்றும் தரவில்லை என்று மட்டும் யாரும் இவரைக் குறை சொல்லிவிடாதீர்கள் என்று ஒரு பெண் தெருவுக்கே கேட்கும்படி சொன்னால், அவள் மறைக்கிறாளா, சொல்கிறாளா? ஒன்பது குறளாக அவன் செய்ததை வரிசைப்படுத்திவிட்டு, பத்தாவதில் அவனைக் காப்பாற்றுகிறாள். அதில் அன்பும் இருக்கிறது, கூர்மையும் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது செத்துவிடும்.

7. இலக்கியச் சண்டைதானே, யாருக்கு என்ன நட்டம்?

இரண்டு பக்கமும் நட்டம். முதலில் சோகையின் பக்கம். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019–21) 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. சாப்பாட்டில் இரும்புக் குறைவு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், கொக்கிப்புழு, பரம்பரையாக வரும் தலசீமியா என்று காரணங்கள் தட்டுக்குத் தட்டு வேறு. இவற்றில் சிலவற்றுக்கு இரும்பு மாத்திரை உதவும்; தலசீமியாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் கெடுதல் செய்யும். இவ்வளவு சிக்கலான ஒன்றை ‘நம் முன்னோர் பசலை என்றார்கள்’ என்று காதல் வண்ணம் பூசிவைத்தால், படியேற மூச்சு வாங்குகிற பெண்ணைப் பார்த்து யாரை நினைத்து ஏங்குகிறாய் என்று கேலி செய்கிற கூட்டம்தான் பெருகும். பழைய சித்த மருத்துவமே இதை விடத் தெளிவாக இருந்தது. அங்கே பாண்டு உண்டு, சோகை உண்டு, காமாலை உண்டு. உடல்நோய்க்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. பசலையைக் கடன் வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்தது பசலையின் பக்கம். பொருள் தேடத் தலைவன் பிரிந்துபோகும் பொருள்வயிற் பிரிவு என்பதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். பாசிர் ரிஸ்ஸிலிருந்து லோயாங் தொழிற்பேட்டைப் பக்கம் காலையில் போகும் லாரிகளில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்தவர்கள், வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள். அந்தச் சீட்டுக்காரர்கள் மனைவியைச் சார்ந்தோர் அட்டையில் இங்கே அழைத்துவர முடியாது. விடுப்பு என்பது முதலாளியும் விமானக் கட்டணமும் ஊரில் வாங்கிய கடனும் சேர்ந்து முடிவு செய்வது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா புல்வெளியில் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். திரையில் தெரிகிற முகத்துக்குக் கேமராவே ஒரு பூச்சுப் பூசி வெளுப்பாக்கிக் காட்டுகிறது; பசந்ததா இல்லையா என்று அந்தக் கண்ணாடியில் பார்த்துச் சொல்லவே முடியாது.

அப்படி ஒரு மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, ரத்தம் கம்மியா இருக்கும்போல, டானிக் வாங்கிக் குடி என்றார். அக்கறையோடுதான் சொன்னார். டானிக்கு கெடக்கு, நீங்க எப்ப வர்றீங்க, அதச் சொல்லுங்க என்றது கைப்பேசி. அவர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

அவளுக்கு உண்மையிலேயே சோகையும் இருக்கலாம். 57 விழுக்காட்டில் அவளும் ஒருத்தியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தால் அரை நாளில் தெரிந்துவிடும், மாத்திரையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். அவள் கேட்ட கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இருக்காது. டானிக்குக்குப் பணம் அனுப்பட்டும். விடுப்புக்கும் எழுதிக் கொடுக்கட்டும்.